ஓடிக் காட்டியும் விற்பனைக்கு வராத கார்

2010 பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் தன் 75ஆம் ஆண்டைக் கொண்டாட ஒரு மாதிரிக் காரை நிறுத்தியது. பெயர் சி-எக்ஸ்75. தாழ்ந்து படுத்த அதன் உடலை இயன் கேலம் தலைமையிலான குழு வடிவமைத்திருந்தது. ஆனால் பொறியாளர்களின் கண் போனது இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த இரண்டு குட்டி கேஸ் டர்பைன்கள் மேல்தான்.

ஜெட் விமான எஞ்சினின் வம்சத்தைச் சேர்ந்த இவை சக்கரங்களை நேரடியாகச் சுழற்றவில்லை. நிமிடத்துக்கு 80,000 சுற்றுவரை சுழன்று, ஜெனரேட்டர்களை ஓட்டி மின்சாரம் தந்தன. காரை ஓட்டியவை சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மின்மோட்டார்கள். மொத்தம் 780 குதிரைத்திறன். சாலையில் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். டர்பைனுக்கோ ஒரே சீராகச் சுழல்வதுதான் ஒத்துவரும். அதனால்தான் அதற்கு ஜெனரேட்டர் வேலை.

2011 மே மாதம், அதிகபட்சம் 250 கார்கள் தயாரிப்போம் என்று ஜாகுவார் அறிவித்தது. ஃபார்முலா ஒன் பந்தய அணியான வில்லியம்ஸ் கூட்டாளி. விற்கும் காருக்கு டர்பைன் இன்னும் பக்குவப்படவில்லை என்பதால், அந்த இடத்துக்கு 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. நான்கே சிலிண்டர், ஆனால் 500 குதிரைத்திறனுக்கு மேல். குறைந்த சுழற்சியில் சூப்பர்சார்ஜரும் கூடிய சுழற்சியில் டர்போசார்ஜரும் அதற்குள் காற்றைத் திணித்தன. அதிகக் காற்று இருந்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம். எஞ்சின் சிறிதானாலும் திறன் பெருகும். முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று என மின்மோட்டார்களும் சேர, மொத்தம் 850 குதிரைத்திறனைத் தாண்டியது. சோதனைக் கார்கள் மணிக்கு 320 கி.மீ.க்கு மேல் ஓடின.

பொறியியல் கைகொடுத்தது, காலம் கைகொடுக்கவில்லை. விலை 7 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் என்று பேசப்பட்டது. 2008இல் டாடா மோட்டார்ஸ் கைக்கு வந்திருந்த ஜாகுவாருக்கு, புதிய மாடல்களுக்கும் பணம் தேவைப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டி, 2012 டிசம்பரில் தயாரிப்புத் திட்டத்தை அது கைவிட்டது.

அடுத்த ஆண்டே ஃபெராரி, மெக்லாரன், போர்ஷே மூன்றும் இதேபோன்ற ஹைப்ரிட் சூப்பர் கார்களைக் கொண்டுவந்து, அத்தனையையும் விற்றன. சி-எக்ஸ்75ஐ உலகம் பரவலாகப் பார்த்தது 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஸ்பெக்டர்’ வழியாகத்தான். ரோம் நகரத் துரத்தல் காட்சியில் வில்லனின் அடியாள் ஓட்டியது அதே உடல்தான். ஆனால் ஸ்டண்ட் கார்களின் உள்ளே டர்பைனும் இல்லை, ஹைப்ரிட்டும் இல்லை. பழகிய வி8 பெட்ரோல் எஞ்சின்தான் இருந்தது.