கூடாரத்தில் ஓர் இரவு

குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியில் தங்குவது நம்மவர்க்குப் புதிதன்று. வண்டி கட்டிக்கொண்டு குலதெய்வத்தின் கோயிலுக்குச் சென்று, மரத்தடியில் ஜமக்காளத்தை விரித்து, கல்லைக் கூட்டி அடுப்பாக்கிப் பொங்கலிட்டு, இரவைத் திறந்த வெளியிலேயே கழித்துத் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ. அந்த வழக்கம் அருகிவரும் இக்காலத்தில், கூடாரம் அடித்துத் தங்கும் பிரயாணமானது, மேனாட்டு முறையாக நம்மிடம் வந்ததெனினும், மண்ணையும் இருளையும் அறியாமல் வளரும் பட்டணத்துக் குழந்தைகளுக்கு அவ்விரண்டையும் பழக்கப்படுத்துவதற்கு உகந்த சாதனம் என்றே நான் கருதுகிறேன்.

முதல் பிரயாணம் கிட்டத்து இடமாகவும் ஓரிரவுக்குரியதாகவும் இருப்பது உத்தமம். திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரியையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரமுள்ள இம்மலைக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வண்டிப் பிரயாணத்தில் குமட்டல் எளிதில் வருமாதலால், புறப்படுமுன் வயிறு நிறைய உண்ணச் செய்யாமலும், கையில் புத்தகமோ போனோ கொடுக்காமலும், எதிரே தெரியும் பாதையைப் பார்க்கும்படி உட்காரவைத்தல் வேண்டும். கூடாரத்துக்கு இடந்தரும் விடுதிகளின் எல்லைக்குள்ளேயே தங்க வேண்டும். காப்புக் காட்டினுள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதோடு, குழந்தைகளோடு செய்யத் தக்க சாகசமும் அன்று. ஓடைப் படுகை எவ்வளவு மணற்பாங்காகத் தோன்றினும் அதில் முளையடிக்கலாகாது. மலையின்மேல் எங்கோ பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக வந்து சேரும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணநிலை சுமார் ஆறு டிகிரி குறையும். குழந்தையின் உடல் எடைக்கு அதன் தோற்பரப்பு பெரியவர்களினும் அதிகமாகையால், அது வெகு சீக்கிரம் சூட்டை இழக்கிறது. மேலே இரண்டு கம்பளிகளைப் போர்த்திவிட்டுக் கீழே மெல்லிய பாயோடு நிறுத்திக்கொள்ளும் பெற்றோர்கள், உடற்சூட்டைக் கவர்வதில் தரைக்குள்ள வலிமையை மறந்துவிடுகிறார்கள். விரிப்பு தடித்திருக்க வேண்டும், மாலையில் ஈரமான உடையை மாற்றிவிட வேண்டும். குளிர் தாங்கவில்லையென்று கணப்புச் சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுவருவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. கரி எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடக்கூடியது அது.

புதர்களினூடே விளையாடிய குழந்தையைப் படுக்கவைக்குமுன், அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களை விளக்கொளியில் பார்த்துவிட வேண்டும். நுண்ணிய பூச்சி கடித்த இடத்தில் வலியில்லாத கருநிறப் பொருக்கு தோன்றி, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். மலைக்குச் சென்றுவந்த செய்தியை வைத்தியரிடம் சொல்லிவிட்டால், மருந்தால் குணமாகக்கூடிய வியாதியே. உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: முதல் வேளைக்குப் புளியோதரை, பிறகு எளிய கஞ்சி, எப்போதும் காய்ச்சி ஆறிய நீர்.

இவ்வளவு ஜாக்கிரதையும் எதன்பொருட்டு என்றால், அந்த இரவின்பொருட்டே. பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதா ஒன்றை வைத்துக்கொண்டு பகலெல்லாம் குழந்தைகளை இழுத்தடித்து, அந்தி சாயுமுன்னரே அவர்களைக் களைத்து உறங்கவைத்துவிடுகிறவர்கள், பிரயாணத்தின் சாரத்தை இழந்துவிடுகிறார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். மழைக்காலம் ஓய்ந்த ஜனவரி மாதத்தில், நிலவில்லாத நாளாகப் பார்த்து, இரவு ஒன்பது மணியளவில் விளக்குகளை அணைத்துவிட்டுப் பொறுமையோடு அமர்ந்திருங்கள். கண்கள் இருளுக்கு முற்றும் பழக அரைமணி நேரம் ஆகும். அதன்பின் உச்சிக்கருகில் கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதற்குக் கிழக்கே செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. தென்திசையில் தாழ்வாக, வெண்மையாகச் சுடர்விடுவது அகத்தியர். பாட்டியின் வாயிலும் பஞ்சாங்கத்திலும் பெயராக மட்டுமே கேட்டிருந்தவற்றை விரலால் சுட்டிக் காட்டும்போது குழந்தை கேட்கும் கேள்விகளுக்கு முடிவே இராது. இதே வட்டாரத்து ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட வைணு பாப்பு தூரதரிசினியை வானநூலார் நிறுவியதும் ஆகாயத்தின் இந்த இருளை நாடியே.

சில குழந்தைகள் இருளுக்கு அஞ்சி அழும். அவர்களை ஏளனம் செய்யாமலும், பூச்சாண்டி காட்டாமலும், சிவப்புத் துணி சுற்றிய டார்ச் விளக்கு ஒன்றை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டால், அச்சம் மெல்லத் தணியும். சிவந்த ஒளி கண்ணின் பழக்கத்தையும் அதிகம் கெடுப்பதில்லை. அப்படியும் தேறாத குழந்தையைத் தாயின் மடியிலே உறங்கவிடுவதே முறை. நக்ஷத்திரங்களை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் முளைகளைப் பிடுங்கி எண்ணி வைப்பதையும், குப்பையைப் பையில் சேர்ப்பதையும் குழந்தைகளிடமே ஒப்படைத்துவிட வேண்டும். பெரியவர்கள் கால்மணியில் முடிக்கும் காரியத்துக்கு அவர்களுக்கு ஒருமணி நேரம் ஆகுமாதலால், இறங்கும் நேரத்தை அதற்கேற்ப முன்கூட்டியே நிச்சயித்துக்கொள்வது நல்லது.