உப்பில் நிற்கும் மரம்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகில் போய் வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்த மரங்களுக்கு உப்புத் தண்ணீர்தான் பிடிக்குமோ? இது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

பிடிக்காது. இந்தக் காட்டு மரங்களான சுரபுன்னையும் வெண்கண்டலும் உப்பு குறைந்த நீரில் இன்னும் செழிப்பாகவே வளரும். ஆனால் நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் வேறு செடிகள் வேகமாக வளர்ந்து வெயிலை மறைத்துவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நெல்லுக்கு 2, 3 கிராம் வந்தாலே விளைச்சல் சரிகிறது. ஆக, உப்பு மற்றச் செடிகளை வெளியே நிறுத்துகிறது. அந்த வெற்றிடத்தில்தான் அலையாத்திக் காடு நிற்கிறது.

மாங்காயை உப்பில் போட்டால் தண்ணீர் விடுகிறதல்லவா? வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் செடிக்கும் அதே கதிதான். தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் காயும். அதைச் சமாளிக்க வெண்கண்டல் பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுக்கிறது. தப்பி ஏறியதை இலை வழியே கசியவிடுகிறது. இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். சேற்றில் காற்று இல்லாததால் அதன் வேர்கள் மேல்நோக்கி முளைத்து மூச்சு வாங்குகின்றன. சுரபுன்னையின் வித்தோ மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட நாற்றாக வளர்ந்த பிறகுதான் கீழே விழும். இத்தனைக்கும் சத்து செலவாகிறது. அதனால்தான் உப்பு கடுமையான இடங்களில் வெண்கண்டல் குட்டையாகவே நின்றுவிடுகிறது.

தாங்கும் திறனுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைப் பிச்சாவரம் கண்கூடாகக் காட்டியது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் காடு தானாக வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. நிழல் போனதும் சேறு காய்ந்து அமிழ்ந்தது, நிலம் குழிந்தது. இந்தக் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குழிக்குள் வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. கடலைவிட உப்பான மண்ணில் வெண்கண்டலும் முளைக்கவில்லை. வித்து வந்து விழுந்துகொண்டுதான் இருந்தது, மண் ஏற்கவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன் முள்ளைப் போன்ற அமைப்பு. அதன் வழியே ஏற்றத்தில் நீர் உள்ளே வந்தது, வற்றத்தில் வெளியேறியது. உப்பு கழுவப்பட்ட மண்ணில் நட்ட கன்றுகள் பிழைத்தன.

வெறும் தரையைக் கண்டதும் கன்று நட ஓடுகிறவர்களுக்கு இதை நான் மீண்டும் மீண்டும் சொல்வேன்: முதலில் தண்ணீர் எப்படிப் போய் வருகிறது என்று பாருங்கள். வாய்க்கால் வெட்டியதோடும் வேலை முடிவதில்லை. வண்டல் படிந்து அடைத்துக்கொண்டால் நீர் மறுபடியும் தேங்கும், உப்பு மறுபடியும் ஏறும். அவ்வப்போது தூர்வாரியே ஆக வேண்டும்.