உங்களுக்குத் தெரியுமா? சங்கேதம் காட்டிக்கொடுத்த கப்பல்கள்

மலாயாவின் கெடாத் தோட்டங்களில் நம்மவர் யுத்தத்தின் கொடுமையில் உழன்றுகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டிலே, ரப்பரும் வெள்ளீயமும் சுமந்து ஐரோப்பாவுக்குப் பிரயாணப்பட்ட ஐ-34 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல், நவம்பர் 13 அன்று, கோலா கெடாவுக்குத் தெற்கே பினாங்குக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதன் வழியையும் வேளையையும் பகைவர்க்கு முன்கூட்டியே உணர்த்தியவை, ஜப்பானியர் தாமே வானலையில் விடுத்த ரகசியச் செய்திகள்தாம்!

• காத்திருந்து டார்பிடோ எய்தது, பிரிட்டிஷ் நீர்மூழ்கியான ‘டாரஸ்’.

• ஜப்பானியக் கடற்படையின் கம்பியில்லாத் தந்திகளை ஒட்டுக்கேட்ட பிரிட்டிஷ் நிலையங்களுள் ஒன்று கொழும்பில், பழைய கோல்ப் மைதானமொன்றில் இயங்கிய ‘ஆண்டர்சன்’.

• ஜப்பானியரின் மோர்ஸ் ஒலிகள் ‘கானா’ என்னும் ஜப்பானிய எழுத்துகளுக்கென வகுக்கப்பட்டவையாதலால், காதில் விழுந்த கணமே அவற்றைக் குறித்துக்கொள்ள, அங்கே பணிபுரிந்த கடற்படைப் பெண்கள் விசேஷப் பயிற்சி பெற்றிருந்தனர்.

• அந்தமானுக்கென்று புறப்பட்ட ‘ஹகுரோ’ என்னும் ஜப்பானியப் பெரும் போர்க்கப்பலை, 1945 மே 16 அதிகாலையில், ஐந்து பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் மலாக்கா ஜலசந்தியில் மடக்கி அழித்தன. அதற்கும் முன்னறிவிப்புத் தந்தது, இடைமறித்துப் படிக்கப்பட்ட சங்கேதச் செய்தியே.