பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை

கற்பிட்டியில் இருக்கும் மூத்தம்மாவைப் பார்க்கத் தனியாகப் போய் வரட்டுமா என்று கேட்டபோது உம்மா முதலில் சொன்னது, "அந்த வெயில் வெளியில பாக்க என்ன இருக்கு?" என்பதுதான். தனியாகப் போவது அவருக்கு இரண்டாவது பிரச்சினை.

நான் இப்னு பதூதாவை உதவிக்கு அழைத்தேன். 1344 இல் மாலைதீவிலிருந்து வந்து நமது புத்தளக் கரையில் இறங்கியவர். வாப்பா சிரித்தார். "அவர் தனியாகவா போனார்?" உண்மைதான். பாவா ஆதம் மலைக்குப் போக ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்குக் கொடுத்தார். கூடவே நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். கூட்டினால் 32. எனக்கு ஒரு பஸ் கொண்டக்டர் போதும் என்றேன். நுரைச்சோலையில் ஒரு கோல், ஏத்தாளையில் ஒரு கோல், இறங்கியதும் ஒரு கோல் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

எத்தனையோ தடவை போன பாதைதான். ஆனால் பக்கத்தில் சாச்சி இருந்தால் கல்யாணப் பேச்சு, தம்பி இருந்தால் சண்டை. அன்று யன்னலைத் தவிர வேறு துணையில்லை.

பாலாவியில் திரும்பியதுமே உப்பளம். பார்க்கச் செத்த நிலம் போலத் தெரியும். உண்மையில் அது ஓயாமல் வேலை செய்யும் இடம். காலா ஓயாவும் மீ ஓயாவும் வற்றும் வெயில் காலத்தில் நமது களப்பு நீர் கடல்நீரைவிட உப்பாகிவிடும். அந்த நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துகிறார்கள். பிறகு பாத்தி பாத்தியாக நகர்த்துகிறார்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. எல்லாம் ஒன்றாக உறைவதில்லை. ஜிப்சம் முன்னதாகவே படியும். நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே நாம் சோற்றில் போடும் உப்பு உறையத் தொடங்கும். கடைசியில் மிஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள், கசக்கும், அதை வெளியேற்றிவிடுவார்கள். சரியான நேரத்தில் நீரை மாற்றாவிட்டால் உப்பும் கசக்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் போச்சு. வரம்பில் உமரிச்செடி சிவந்து கிடந்தது. தண்ணீரில் உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுமில்லாத இடத்தில் அவை எதைத் தின்னும்?

அதற்கப்பால் பாதையோரமே ஒரு சித்திரக்கூடம். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சிலைகள், பள்ளிவாசலின் பச்சை வளைவு, வள்ளங்களின் பக்கத்தில் தீட்டிய பெயர்கள், முச்சக்கர வண்டிகளின் பின்னால் அறிவுரைகள். (காதலில் தோற்றவர்கள் எல்லோரும் ஓட்டோதான் ஓட்டுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) 2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு மதில்களில் ஏறினார்களே, அந்தக் காலத்து மயில் ஒன்று ஒரு மதிலில் இன்னும் நிற்கிறது. தோகை உதிர்ந்து கால் மட்டும் மிச்சம். அதன் நிழலில் இரண்டு கழுதைகள். அரபு வணிகர் கொண்டு வந்த வழியில் வந்தவை என்று பெரியவர்கள் சொல்லும் அந்தக் கழுதைகளை எவரும் வரைந்து நான் காணவில்லை.

நுரைச்சோலையில் 900 மெகாவோற் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வந்தது. 2011 இல் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. அதற்குப் பக்கத்திலேயே மணலில் வெங்காயமும் மிளகாயும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. எப்படி? இந்த மணல் குடாநாட்டின் அடியில் மழைநீர் ஒரு வில்லை போலக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீற்றர் இருக்கலாம் என்பது புவியியல் பாடத்தில் படிக்கும் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்து அந்த ஒரு மீற்றர் குறைந்தால், கீழேயிருந்து உப்புநீர் அதே கணக்கில் மேலேறும். வயலுக்குப் போடும் உரம் மணலில் நிற்காமல் நேரே அந்த நீரில் இறங்குவது இன்னொரு கவலை. பஸ்ஸிலிருந்து பார்த்தால் இவை எதுவும் தெரியாது. மணல் மட்டுமே தெரியும்.

மூத்தம்மா மன்னாரைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார். அன்று உம்மா கைக்குழந்தை. "வெறும் காணியா கிடந்திச்சு, அதனாலதான் கிடுகுக் கொட்டில் போட இடம் கிடைச்சது" என்பார். நான் பாதையெல்லாம் "இது வெறும் நிலமில்லை" என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டு வந்தவள். அவர் அப்படிச் சொன்னதும் பேச முடியவில்லை.

அஸர் தொழுத பின் இருவரும் களப்புக் கரைக்குப் போனோம். ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டை ஒரு பக்கம். எதிர்க்கரையில் வடக்கே வில்பத்து. அங்கே தனியாகப் போக வழியில்லை. வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது. மழைநீர் தேங்கும் தட்டையான வில்லுகளும் அவற்றைச் சுற்றிய புல்வெளிகளும் வெயிலில் சுருங்க, மான்கள் அந்தப் புல்லைத் தேடி வரும். அந்தக் காட்டுக்குத் தெற்கே அருவக்காடு. ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலாயிருந்து சுண்ணாம்புக்கல்லான பூமி. பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் அங்கிருந்துதான் போகிறது. கொழும்பின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டவும் அந்தப் பக்கமே தெரிவானது. புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அப்போது நான் ஆரம்பப் பாடசாலை. வாப்பா ஊர்வலத்துக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. ஏன் போனார் என்பது அந்தக் கரையில் நின்றபோதுதான் விளங்கியது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் ஒரு வெறும் காணி.

"மூத்தம்மா, நீங்க வந்தப்ப இங்க ஒண்டுமே இல்லையா?" என்று திரும்பவும் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "இல்ல மகள். ஆக்கள் இருந்தாங்க. முதல் நாள் சோறு தந்தது அவங்கதான்."

மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது வாப்பாவின் கட்டளை. மூத்தம்மா அவசரமாக ஒரு கிலோ கருவாட்டைப் பத்திரிகையில் சுற்றித் தந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல சனம். பாலாவி வரை என் பக்கத்து ஆசனத்தில் மட்டும் எவரும் உட்காரவில்லை.