அந்தத் திருகு எதைத் திருகுகிறது?

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ என்ற காரை 2004 வாக்கில் வந்த மாடலில் பார்த்தால், கியர் கம்பிக்குப் பின்னால் விரலால் உருட்டும் ஒரு சிறு திருகு இருக்கும். பிற்பாடு அது ஒரு சுவிட்சாக மாறியது. நடுவில் உள்ள டிஃபரன்ஷியலை (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) எவ்வளவு இறுக்க வேண்டும் என்று நீங்களே முடிவுசெய்ய வைத்தது அது. முதல்முறை ஓட்டுபவர் பலரும் அதைத் தவறாகத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

டிஃபரன்ஷியல் இடது, வலது சக்கரங்களுக்குத்தானே, நடுவில் எதற்கு என்று கேட்பீர்கள். தெருமுனையில் டவுன் பஸ் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் அகலமாக வளைந்து போகும். பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதே நேரத்தில் முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். நான்கு சக்கரங்களையும் இன்ஜின் இழுக்கும் காரில் முன்னையும் பின்னையும் ஒரே தண்டால் இறுகக் கட்டிவிட்டால், ஏதோ ஒரு ஜோடி டயர் தரையில் தேய்ந்துகொண்டேதான் திரும்பும். அந்த வேக வித்தியாசத்துக்கு இடம்விடுவதுதான் நடு டிஃபரன்ஷியலின் வேலை.

அப்படியானால் அதை ஏன் இறுக்க வேண்டும்? அதற்கு ஒரு பலவீனம் உண்டு. எந்தப் பக்கம் சுலபமாகச் சுழல்கிறதோ அந்தப் பக்கத்துக்கே வேகத்தை விட்டுக்கொடுத்துவிடும். முன்சக்கரங்கள் பனிக்கட்டியில் நின்றால் அவை வெறுமனே சுழலும், பின்சக்கரங்கள் சும்மா இருக்கும். இதைத் தடுக்க எஸ்டிஐயில் ஒரு கிளட்ச் (ஒன்றோடொன்று அழுந்தும் தட்டுகளின் அடுக்கு) இருக்கிறது. மின்காந்தம் அந்தத் தட்டுகளை அழுத்துகிறது. திருகை உருட்டும்போது மின்காந்தத்தின் பிடி கூடுகிறது, குறைகிறது. அவ்வளவுதான்.

இங்கேதான் அந்தத் தவறான எண்ணம் வருகிறது. திருகைத் தளர்த்தினால் சக்தி முழுவதும் பின்னுக்குப் போகும் என்று நினைக்கிறார்கள். போகாது. அமெரிக்காவில் விற்ற 2004 மாடலில் முன்னுக்கு 35, பின்னுக்கு 65 விழுக்காடு என்பது பல்சக்கரங்களின் அளவிலேயே அமைந்த பங்கு. 2006 முதல் அது 41-க்கு 59 ஆனது. முழுக்கத் தளர்த்தினால் கிடைப்பது இந்தப் பங்கு. முழுக்க இறுக்கினால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். அதன்பிறகு யாருக்கு எவ்வளவு என்பதைத் தரையின் பிடிமானம் தீர்மானிக்கும். 2020-இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ் வேறு வகை. அதில் நடு டிஃபரன்ஷியலே கிடையாது, பின்பக்கம் போகும் சக்தியை ஒரு கிளட்ச் மட்டுமே அளந்து கொடுக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

சரி, எங்கே எப்படி வைப்பது? அன்றாடச் சாலைக்கு ஆட்டோ நிலையே போதும். ஆக்சிலரேட்டர், சக்கர வேகம் போன்றவற்றைப் பார்த்து அதுவே இறுக்கும், தளர்த்தும். காய்ந்த தார்ச்சாலையில் முழுக்க இறுக்கிவிட்டு வண்டியை நிறுத்துமிடத்தில் வளைத்துப் பாருங்கள்: யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும், டயர் கிறீச்சிடும், வண்டி உதறும். பேரிங் போய்விட்டது என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடுபவர்களும் உண்டு.

பனியில் இறுக்கினால் பாதுகாப்புதானே? கிளம்பும்போதும் நேரான மேட்டில் ஏறும்போதும், ஆமாம். வளைவில் அப்படியில்லை. இறுகக் கட்டிய கார் திரும்ப மறுத்து வெளிப்பக்கம் தள்ளும். பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தை இந்தத் திருகு குறைக்கவும் போவதில்லை. அது டயரின் கையில் இருக்கிறது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் இந்தக் கிளட்ச் தானாகவே தளர்ந்துவிடும். பின்சக்கரங்கள் மட்டும் பூட்டிக்கொண்டு கார் சட்டெனச் சுழல வேண்டும் என்ற ராலி ஓட்டுநர்களின் தேவை அதற்குள் ஒளிந்திருக்கிறது. மிட்சுபிஷி 2001-இல் லான்சர் ஈவல்யூஷன் 7-இல் வேறு வழி எடுத்தது: தார், சரளை, பனி என்று மூன்றே நிலைகள். எவ்வளவு இறுக்கம் என்று கேட்காமல், எந்தச் சாலை என்று கேட்கிறது. சாதாரண ஓட்டுநருக்கு அந்தக் கேள்விதான் சுலபம் என்பது என் எண்ணம்.

உங்கள் பணத்தைத் தொடும் விஷயம் டயர். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள், ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருவின் அறிவுரை. கணக்குப் போட்டால் டயரின் தேய்மானத்தில் அது வெறும் 1 மில்லிமீட்டர்! தேய்ந்த இரண்டை வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் புதிதாக இரண்டு போட்டால், நேர்ச்சாலையில்கூட நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலைசெய்யும். தட்டுகள் சூடேறித் தேயும். அதனால் ஒரு டயர் கிழிந்தாலும் நான்கையும் மாற்ற வேண்டிவரலாம். காற்றழுத்தத்தையும் அடிக்கடி பாருங்கள்.

சிறிய ஸ்டெப்னி மாட்டியிருந்தால்? திருகை முழுக்கத் தளர்த்தி, மெதுவாக, அருகிலிருக்கும் டயர் கடை வரைக்கும் மட்டும். வண்டி நின்றுபோய்க் கட்டி இழுக்க வேண்டிவந்தால் நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றிச்செல்லும் லாரியைக் கூப்பிடுங்கள். இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டை உருட்டிக்கொண்டு போகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் 2021 மாடலோடு எஸ்டிஐ நின்றுவிட்டது; அங்கே வாங்குபவர் இனி பழைய காரைத்தான் வாங்க வேண்டும். பார்க்கப் போகும்போது காலியான, காய்ந்த இடத்தில் திருகைத் தளர்த்திவிட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நடைவேகத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கார் தடங்கலின்றிப் போக வேண்டும். இப்போதே உதறினால் டயர்கள் ஒத்துப்போகவில்லை, அல்லது கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து முழுக்க இறுக்கி அரை வட்டம். இப்போது கார் முரண்டு பிடிக்க வேண்டும். எந்த வித்தியாசமும் தெரியவில்லையா? மின்காந்தமோ வயரிங்கோ தட்டுகளோ வேலைசெய்யவில்லை. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.