கறுப்பு எங்கிருந்து வந்தது?

டீ வருவதற்குள் உங்கள் லோகோவின் பின்னால் திடீரென்று முளைத்த கறுப்புக் கட்டத்தைப் பார்த்துவிடலாம். பிஎன்ஜி கோப்பில் பின்னணியே இல்லாமல் இருந்த படம் அது. பைத்தானில் பில்லோ என்ற பட நூலகத்தை வைத்து அதை ஜேபெக்காகச் சேமிக்கப் பார்த்தீர்கள். ஆர்ஜிபிஏ படத்தை அப்படி எழுத முடியாது என்று பில்லோ மறுத்துவிட்டது. ஆர்ஜிபிக்கு மாற்றும் கன்வர்ட் வரியைச் சேர்த்தீர்கள். பிழைச்செய்தி போனது, கறுப்பு வந்தது.

ஆர்ஜிபிஏ படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு எண்கள். முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம்; நான்காவது ஆல்ஃபா. அது 255 என்றால் நிறம் முழுதாகத் தெரியும், 0 என்றால் தெரியவே தெரியாது. ஆனால் தெரியாத புள்ளிக்கும் நிறம் உண்டு. பல மென்பொருள்கள் அங்கே 0, 0, 0 என்று எழுதி வைத்திருக்கும், அதாவது கறுப்பு. கன்வர்ட் நான்காவது எண்ணைக் கழற்றிப் போடுகிறது, அவ்வளவுதான். ஒளிந்திருந்த கறுப்பு வெளியே வந்துவிடுகிறது. சில கோப்புகளில் அந்த இடத்தில் வெள்ளை இருக்கும். அப்போது நிரல் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அதுதான் இன்னும் ஆபத்து.

ஆகவே அடியில் என்ன நிறம் வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அதே அளவில் வெள்ளை ஆர்ஜிபி படம் ஒன்றை உருவாக்கி, லோகோவை அதன்மேல் பேஸ்ட் செய்யுங்கள். ஆல்ஃபாவை மாஸ்க்காகக் கொடுக்க மறக்காதீர்கள். டிகாஷனும் பாலும் கலக்கிற கணக்குதான்: ஆல்ஃபா 128 உள்ள சுத்தச் சிவப்பு, வெள்ளையோடு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்து 255, 127, 127 என்ற இளஞ்சிவப்பாகும். இந்தக் கலவைக் கணக்கை கணினி வரைகலை ஆய்வாளர்களான போர்ட்டரும் டஃபும் 1984-லேயே முறையாக எழுதி வைத்துவிட்டார்கள்.

பின்னணி இல்லாமலே இருக்கட்டும், கறுப்புவெள்ளை ஆனால் போதும் என்றால், ஒளியளவை மட்டும் வைக்கும் எல் வகை வேண்டாம். எல்ஏ-வுக்கு மாற்றுங்கள், ஆல்ஃபா கூடவே வரும். அச்சுக்கான சிஎம்ஒய்கே வகையில் நான்கு இடங்களும் மைகளுக்கே போய்விடுகின்றன. அங்கே போவதற்கு முன் ஆல்ஃபாவைத் தனிப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஜிபிக்குத் திரும்பியதும் புட்ஆல்ஃபா கொண்டு ஒட்டிக்கொள்ளலாம்.

பி என்கிற பேலட் வகை கொஞ்சம் குசும்பு பிடித்தது. அதில் ஆல்ஃபா தனியாக இருக்காது. எந்த நிறம் மறைய வேண்டும் என்ற குறிப்பு படத்தின் இன்ஃபோவுக்குள் கிடக்கும். எந்த வேலைக்கும் முன்னால் ஆர்ஜிபிஏ ஆக்கிவிடுங்கள். பேலட்டுக்குத் திரும்பும் வழி அவ்வளவு சுலபமில்லை. பிஎன்ஜி பேலட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஆல்ஃபா கொடுக்கலாம். ஜிஃப்பில் ஒரே ஒரு நிறத்தைத்தான் மறைக்க முடியும், அதுவும் முழுசாக. லோகோவுக்கு மெல்லிய நிழல் இருந்தால் ஜிஃப்பை விட்டுவிடுங்கள்.