நோட்டு நிறைந்தது, கணக்கு புரிந்ததா?

பத்தாம் வகுப்பு இன்டர்னல் மதிப்பெண்களைப் பள்ளிகள் சிபிஎஸ்இ தளத்தில் ஏற்றி முடிக்க ஆண்டுதோறும் ஒரு கடைசி நாள் உண்டு. பெற்றோர் எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை கணக்கு நோட்டைப் பற்றியவை. விட்டுப்போன ஹோம்ஒர்க்கை இப்போது எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் உண்டா? கொடுக்காவிட்டால் ஃபெயிலா?

அந்த 5 மதிப்பெண் எதற்கு?

கணக்கின் 20 இன்டர்னல் மதிப்பெண்ணில் போர்ட்ஃபோலியோவுக்கு 5. 2017-18இல் இது நோட்டுச் சமர்ப்பிப்புக்கு என்றே இருந்தது. ஒழுங்காகக் கொடுப்பது, முடித்திருப்பது, சுத்தமாக வைத்திருப்பது ஆகியவை அளவுகோல்கள். போட்ட கணக்கு புரிந்ததா என்ற கேள்வி அதில் இல்லை. பிறகு பெயர் மாறியது. மாணவர் தன் கற்றலைப் பற்றி யோசித்து எழுதுவதும் இதில் அடங்கும் என்கிறது வாரியம். ஆனால் ஆசிரியரின் மேசைக்குப் பல இடங்களில் இன்னமும் வருவது அதே நோட்டுதான்.

எனக்குக் கவலை தருவது இந்த இடம். முடித்த பக்கத்துக்கு மதிப்பெண் என்றால், பிள்ளைகள் பக்கத்தை முடிப்பார்கள். கைடைப் பார்த்து, இல்லாவிட்டால் நண்பரின் நோட்டைப் பார்த்து. அடித்துத் திருத்திய வரிகளும் பாதியில் நின்ற கணக்குகளும் காணாமல் போகும். ஆசிரியருக்கு உண்மையில் வேண்டியவை அவைதான். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும்போது நடு உறுப்பைப் பிரிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை நிற்கிறது என்பதைப் பார்த்தெழுதிய நோட்டு காட்டவே காட்டாது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2010-11இல் மதிப்பெண்ணுக்குப் பதில் பணமே கொடுத்துப் பார்த்தார்கள். பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையரின் ஆய்வு அது. 50 பள்ளிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒரு கணக்குத் திறனில் தேறினால் அவருக்கு 2 டாலர், பெற்றோருக்கும் 2 டாலர் தந்தார்கள். தேறிய திறன்களின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் கூடியது. கணக்குத் தேர்வில் கிடைத்த முன்னேற்றமோ சிறியது. ஏறத்தாழ அதே அளவுக்கு வாசிப்புத் தேர்வில் சரிந்தார்கள். முன்பே நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் லாபம். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கணக்கும் ஏறவில்லை, வாசிப்பும் இறங்கியது.

அந்த 5 மதிப்பெண்ணை எடுத்துவிட வேண்டாம். தவறிய கணக்கைத் திரும்பப் போட்டு, எங்கே தவறினேன் என்று ஒரு வரி எழுதுகிற பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாம். இருபது கணக்குக்குப் பதில் ஐந்து போதும். முதல் கணக்கை வகுப்பிலேயே தொடங்கி வைத்தால், வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாத பிள்ளையும் நோட்டைத் திறக்கும்.

நோட்டு கொடுக்காவிட்டால் ஃபெயிலா?

அதனால் மட்டும் இல்லை. இன்டர்னலும் எழுத்துத் தேர்வும் சேர்த்து 33 வேண்டும். 20ம் முழுதாகக் கிடைத்தவருக்கு 80க்கு 13 போதும்.

'பேசிக்' கணக்கு எடுத்தவருக்கு?

அதே 20.

மாநிலப் பாடத்திட்டத்தில்?

பத்தாம் வகுப்புக் கணக்கில் 100ம் எழுத்துத் தேர்வுக்கே.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு?

வீட்டுப்பாடமே கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது எழுதிக் கொடுக்கலாமா?

பள்ளியிடம் இன்றே கேளுங்கள்; ஏற்றிய மதிப்பெண்ணைப் பிறகு திருத்த வாரியம் விடுவதில்லை.